தப்பினால் வீரன், ஓடினால் கூலி!

வெள்ளித்திரையிலே ஒரு படை வருகிறது. கந்தல் உடை, தேய்ந்த காலணி. சிலருக்கு அந்தக் காலணியும் இல்லை. ஆயினும் நடையிலே தளர்ச்சி காணோம். உதடுகளிலே சீழ்க்கை. தோற்றுச் சிறைப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், வென்றவனின் முகாமுக்குள் வெற்றி வீரர்போல் நுழைகின்றனர். கொட்டகை மெய்ம்மறந்து போகிறது. 1957-இல் வெளிவந்து, ஏழு ஆஸ்கர் பரிசுகளை அள்ளிச் சென்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்னும் படத்திலே வரும் காட்சி இது.

காட்சி அழகானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தோழர்களே, அந்தச் சீழ்க்கை ஒலிக்குக் கீழே புதையுண்டு கிடக்கும் ஓலம் ஒன்று உண்டு. தமிழிலே எழுந்த ஓலம் அது. நாகையிலும் காரைக்காலிலும் அலை மோதும் இதே கடலைக் கடந்து போனவர்களின் ஓலம்.

சிறைப்பட்டவன் தப்பிச் செல்வது வீரம் என்கின்றன மேலைநாட்டு நூல்களும் படங்களும். சுரங்கம் தோண்டுகிறான், பொய்ச் சான்றிதழ் எழுதுகிறான், முள்வேலியை அறுக்கிறான், காவலனை ஏய்க்கிறான். பார்ப்போர் உள்ளம் அவன் பக்கமே நிற்கிறது. நிற்கட்டும்! தளையை அறுத்தெறிபவனை வாழ்த்தாத நெஞ்சும் ஒரு நெஞ்சா? நாம் எழுப்பும் கேள்வி வேறு. அதே செயலை, அதே காட்டிலே, அதே காவலனிடமிருந்து, ஒரு தோட்டத் தொழிலாளி செய்தால் அவனுக்கு என்ன பெயர்? ‘ஓடிப்போனவன்’ என்று பெயர். செயல் ஒன்று, பெயர் இரண்டு. இந்த இரட்டை நாக்கு எங்கிருந்து முளைத்தது?

படத்தின் பின்னாலுள்ள வரலாற்றை முதலில் காண்போம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தன் படைக்கு உணவும் வெடிமருந்தும் அனுப்புவதற்காக, சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை போட ஜப்பானிய இராணுவம் முனைந்தது. மலையும் காடும் ஆறும் மறித்து நின்ற வழி. 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வதைபட்டனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் துயரை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? ஏறத்தாழ 2,00,000 பேர். தமிழர், பர்மியர், மலாயர், சாவகத்தார் எனப் பல இனத்தார். அவர்களுள் மாண்டோர் தொகையை 90,000 என்று மதிப்பிடுவர். அதற்கும் மேல் என்போரும் உளர். மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர்.

யார் அந்தத் தமிழர்? நாகைத் துறையில் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள், அவர்களின் மக்கள். நாகைக்கும் காரைக்காலுக்கும் இடையே 20 கிலோமீட்டர் தொலைவுதான். நடுவே இருந்தது பிரெஞ்சு ஆட்சிக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையே வெள்ளையர் கிழித்த ஒரு கோடு. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே காவிரி மண், ஒரே பசி. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கொடியின் கீழ்ச் சைகோனுக்குப் போனவர் உண்டு. நாகை வழியே மலேயாவுக்குப் போனவரும் உண்டு.

போர் வந்தது. இரப்பர் வாங்குவாரில்லை. தோட்டம் மூடிக் கிடந்தது. வயிறு மூடிக் கிடக்குமா? சயாமிலே வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினர். ஆசைக்கு மயங்காதவர்களை அச்சுறுத்தி ஏற்றினர். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவந்து, கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே இரயிலேற்றியதாகவும் சாட்சியங்கள் கூறுகின்றன. எண்ணிப் பாருங்கள்! பிற்காலத்தில் எந்தத் திரை இவர்களை மறந்ததோ, அதே திரையைத் தூண்டிலாக்கி இவர்களைப் பிடித்திருக்கிறார்கள்.

போனவர்களுக்கு மூங்கிற் கொட்டகை, ஒழுகும் கூரை, உப்பில்லாத சோறு. 1943-இன் மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தனர். மருந்து இல்லாவிடினும் நீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்ல, மீறினால் தடுக்க, ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாமிலே மருத்துவரும் இல்லை, கேட்பாரும் இல்லை. குடும்பம் குடும்பமாக மடிந்தனர்.

இப்போது படத்துக்கு வருவோம். அதன் முற்பாதியில் பெரும் போர் ஒன்று நடக்கிறது. எதற்காக? விடுதலைக்காகவா? சோற்றுக்காகவா? சிப்பாய்களோடு அதிகாரிகளும் கையால் உழைக்க வேண்டும் என்கிறான் முகாம் தலைவன். ‘அதிகாரி கையால் உழைக்கமாட்டான், ஜெனீவா ஒப்பந்தம் அப்படிச் சொல்கிறது’ என்று நூலைக் காட்டுகிறார் கர்னல் நிக்கல்சன். தகரக் கூண்டிலே அடைக்கப்படுகிறார், வெயிலிலே வேகிறார், கொள்கையை விட்டாரில்லை. இறுதியில் வெல்கிறார். கொட்டகை ஆரவாரிக்கிறது.

எந்தக் கொள்கை வென்றது, தம்பி? மண் சுமப்பது சிப்பாயின் தொழில். மேற்பார்வை அதிகாரியின் தொழில் என்னும் கொள்கை! இது நமக்குப் புதிதா? ஏர் பிடிப்பவன் ஒருவன், ஏடு பிடிப்பவன் ஒருவன் என்று மனு எழுதி வைத்தானே, அந்த வருணாசிரமத்தின் வெள்ளைப் பதிப்பல்லவா இது! 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் அதிகாரிகளை வேலை வாங்கக் கூடாதென்றே விதித்தது. ஒப்பந்தத்தை மீறிய கொடியவனை எதிர்த்தது சரியே. ஆனால் அந்த எதிர்ப்பைப் பார்த்துக் கைதட்டும்போது, அதிகாரியின் கை நோகாதிருக்கப் போராடிய படத்திலே, தொழிலாளியின் பிணம் விழுந்ததற்கு ஒரு காட்சியும் இல்லையே என்று ஒரு கணம் எண்ண வேண்டாமா?

படத்தில் தப்பிச் செல்பவன் ஓர் அமெரிக்கன். உண்மையில் அவன் சாதாரணக் கடற்படைச் சிப்பாய். செத்த அதிகாரியின் உடையை எடுத்து அணிந்து, அதிகாரி என்று சொல்லிக் கொண்டவன். ஏன்? அதிகாரியென்றால் முகாமிலே மதிப்பாக நடத்துவார்கள் என்ற எண்ணம். மனிதனுக்கு மதிப்பில்லை, உடைக்கே மதிப்பு என்னும் உண்மை படத்தை எடுத்தவர்களையும் அறியாமல் அங்கே வெளிப்பட்டுவிட்டது. அவன் காட்டிலே விழுந்து கிடக்கும்போது சயாம் சிற்றூர் மக்கள் சோறும் படகும் தருகின்றனர். அவர்களின் பெயர் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

இந்தக் கதையை முதலில் எழுதியவர் பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர். நாவல் 1952-இல் வெளிவந்தது. மலேயா இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர் அவர். தமிழ்த் தொழிலாளரின் வியர்வையை நாள்தோறும் கண்டவர். போர் மூண்டதும் தெகோலின் ‘சுதந்திர பிரான்சு’ அணியில் சேர்ந்தார்; இந்தோசீனாவுக்குள் ஒற்றராக நுழைந்தார்; விஷி அரசுக்குப் பணிந்த பிரெஞ்சு அதிகாரிகளிடமே சிக்கினார்; ஆயுள் கடுங்காவல் பெற்றார்; 1944-இல் தப்பினார். தப்புவதன் சுவையை அறிந்த கை எழுதிய கதை அது.

அதே ‘சுதந்திர பிரான்சு’ அணியில் காரைக்காலும் இருந்தது! 1940 செப்டம்பரில் புதுவை ஆளுநர் லூயி போன்வேன் தெகோலின் பக்கம் சேர்ந்ததாக அறிவித்தார். புதுவையோடு காரைக்காலும் சேர்ந்தது. அடிமைப்பட்ட ஊருக்குச் ‘சுதந்திர’ என்றோர் அடைமொழி! காரைக்கால் மக்களைக் கேட்டு அந்த அறிவிப்பு வரவில்லை. பாரிசின் விடுதலைக்குப் போராடிய பிரெஞ்சு அரசு, காரைக்காலை விட்டு வெளியேற 1954 நவம்பர் 1 வரை காலம் எடுத்துக்கொண்டது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்டு ஆயிற்று. ஒரே கொடியின் கீழ் நின்ற இருவருள் ஒருவரின் தப்பித்தல் உலகப் புகழ்பெற்ற இலக்கியத்துக்கு வித்தாயிற்று. மற்றவரின் உறவினர் சயாம் காட்டில் செத்தது செய்தியாகவும் ஆகவில்லை.

தமிழன் மட்டுமே மறக்கப்பட்டான் என்று கருத வேண்டா. பழுப்புத் தோலுடைய எவனுக்கும் இதே கதிதான். 1963-இல் வந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தை அறிவீர்கள். 1944 மார்ச்சில் ஜெர்மானியரின் சாகன் முகாமிலிருந்து சுரங்கம் வழியே 76 விமானப்படையினர் வெளியேறினர். 73 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 50 பேரை இட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றனர். தப்பி நாடு சேர்ந்தவர் மூவர். இருவர் நார்வேயர், ஒருவர் டச்சுக்காரர். படத்திலோ மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுபவன் அமெரிக்கன்! அன்று சுரங்கம் வழியே வெளியேறியவருள் அமெரிக்கர் ஒருவரும் இல்லை.

அதே ஆண்டு மே 11-இல் பிரான்சின் எப்பினால் நகரில் இன்னொன்று நடந்தது. அங்கே ஜெர்மானியர் இந்தியப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தனர். அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகள் முகாம்மீது விழுந்தன, கைதிகள் பலர் மாண்டனர், மதில்கள் இடிந்தன. எஞ்சியோரில் நூற்றுக்கணக்கானோர் வெளியேறினர். மொழி தெரியாது, வழி தெரியாது, மறைக்க முடியாத நிறம். பிரெஞ்சுச் சிற்றூர் மக்கள் ரொட்டி தந்து, வைக்கோற்போரிலே மறைத்து, வழி காட்டினர். ஏறத்தாழ 500 பேர் சுவிட்சர்லாந்தை அடைந்தனர். மூவர் தப்பியது ‘மாபெரும் தப்பித்தல்’ ஆயிற்று. ஐந்நூற்றுவர் தப்பியது 80 ஆண்டுகள் தூசியிலே கிடந்தது! கீ போமன் என்னும் ஆங்கில ஆய்வாளரின் நூல் 2024-இல் வந்த பிறகே பலரும் அதை அறிந்தனர்.

கோல்டிட்ஸ் கோட்டையில் அடைபட்ட வங்காள மருத்துவர் பிரேந்திரநாத் மசூம்தாரின் கதையும் அத்தகையதே. பிரிட்டிஷ் படை மருத்துவராகப் பணியாற்றி 1940-இல் பிரான்சில் பிடிபட்டவர். உடனிருந்த வெள்ளை அதிகாரிகள் தப்பும் திட்டங்களில் அவரைச் சேர்க்கவில்லை; தோல் நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்றனர். அவர் உண்ணாநோன்பு இருந்து வேறு முகாமுக்கு மாற்றம் பெற்றார், அங்கிருந்து தப்பினார், நடந்தே சுவிட்சர்லாந்து சேர்ந்தார். தாய்நாட்டவன் என்று யாரை நம்பிப் பணிபுரிந்தாரோ அவர்களே போருக்குப்பின் அவரை ஐயத்தோடு விசாரித்தனர்.

‘படம் பொழுதுபோக்குக்கு, அதிலே கணக்குப் பார்ப்பதா?’ என்று கேட்பார் சிலர். ‘சிப்பாய் தப்புவது மீண்டும் போரிடுவதற்காக; கூலி ஓடுவது உயிர் பிழைப்பதற்காக. இரண்டும் ஒன்றாகுமா?’ என்று கேட்பார் வேறு சிலர். இரண்டாவது வாதம் மதிக்கத்தக்கது. ஆகவே அதை எடைபோடுவோம்.

சிப்பாய் தப்பிப் பிடிபட்டால் அவனுக்குக் காப்பாக ஒரு சட்டம் இருந்தது. ஜெனீவா ஒப்பந்தப்படி, தப்ப முயன்றவனுக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே தரலாம். அதிகம் போனால் 30 நாள் காவல். அந்தச் சட்டத்தைப் பகைவன் பலமுறை மிதித்தான். சாகனில் விழுந்த 50 உடல்களே சான்று. ஜப்பான் அதை முறைப்படி ஏற்கவுமில்லை. ஆயினும் அது மீறப்பட்டது என்று வழக்காடவாவது ஒரு சட்டம் இருந்தது. தோட்டத் தமிழனுக்கு என்ன இருந்தது? அவன் போர்க்கைதி அல்லன். ஆகவே ஒப்பந்தம் இல்லை. கூலி என்று பெயர். ஆனால் வேலையைவிட்டு விலக உரிமை இல்லை. பதிவேட்டிலே அவன் பெயரைச் சரியாக எழுதவும் ஆளில்லை. பிடிபட்டால் அடி, பிடிபடாவிட்டால் காடு, காய்ச்சல், பட்டினி. அவனைத் தேடி எந்த அரசும் வரப்போவதில்லை. அத்தனையும் தெரிந்து ஒருவன் நள்ளிரவிலே எழுந்து நடந்தானென்றால், அவன் துணிவு சுரங்கம் தோண்டிய அதிகாரியின் துணிவைவிட எவ்வகையிலே குறைந்தது? உயிர் பிழைப்பதற்காக என்கிறீர்களே, ‘என் உயிர் என்னுடையது, உன்னுடையதன்று’ என்று ஆண்டானிடம் சொல்வதைவிட உயர்ந்த போர் முழக்கம் எது?

இந்த இரட்டை அளவுகோலுக்குக் காரைக்கால் மண்ணிலேயே பழஞ்சான்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலே காரைக்கால் துறையிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் ஏற்றப்பட்டனர். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை இந்த ஆள் ஏற்றுமதிக்குச் சட்ட முத்திரை குத்தியது. கொடுமை தாளாமல் தோட்டத்தைவிட்டு வெளியேறியவனை என்ன செய்தனர்? வேலையின்றித் திரியும் குற்றவாளி என்று பிடித்துத் தண்டித்தனர். கடல் கடந்து போவானேன்? இதே தஞ்சைத் தரணியில், மிராசுதாரின் பண்ணையைவிட்டு ஓடிய பண்ணையாளைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்து அடித்தார்களே! அவன் தப்பியவனாம் என்று எந்தப் புலவன் பரணி பாடினான்? 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் அவனை வெளியேற்றவும் ஒரு வரம்பு உண்டென்று நாடு ஒப்புக்கொண்டது.

அவன் கையிலே விலங்கு பூட்டியவர் பலர். கருத்திலே விலங்கு பூட்டியவர் ஒரே கூட்டத்தார். ‘உன் பாடு உன் விதி, முற்பிறவிப் பயன், கிரகத்தின் பார்வை’ என்றனர். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்குப் போய்ப் பாருங்கள். சனியின் பிடியிலிருந்து தப்புவதற்காக ஆயிரம் ஆயிரமாய் மக்கள் குளத்திலே முழுகுகிறார்கள். உடுத்திய துணியைக் களைந்து போடுகிறார்கள். வானிலே கோடிக்கணக்கான கல் தொலைவில் சுற்றும் ஒரு கோளிடமிருந்து தப்ப இத்தனை பாடு! கண்ணெதிரே நின்று கழுத்தைப் பிடிப்பவனிடமிருந்து தப்புவதற்கு மட்டும் எந்தக் குளத்திலும் வழி சொல்லவில்லை. தளையைக் கோளின்மேல் சுமத்திவிட்டால், தளை பூட்டியவன் தப்பிவிடுகிறானே. உண்மையில் நாள்தோறும் நடக்கும் பெருந்தப்பித்தல் அதுவன்றோ!

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அதைத் தட்டிக் கழித்தல் அறிவுடைமை ஆகாது. ஒருவன் தப்பினால் மற்றவர்களுக்குத் தண்டனை வருமே. அப்படியிருக்கத் தப்புவது அறமா? படத்துக் கர்னலும், மேலிடத்து ஆணைப்படி சரணடைந்தோம், ஆகவே தப்புவது ஒழுங்குமீறல் என்கிறார். ஆணைக்கு அஞ்சிக் கிடப்பதை அறம் என ஏற்க இயலாது. வஞ்சனையாலும் வன்முறையாலும் பூட்டிய தளைக்கு எவனும் கடன்பட்டவன் அல்லன். ஏமாற்றி வாங்கிய கைநாட்டு ஒப்பந்தம் ஆகாது. ஆனால் உடனிருப்போர்க்கு நாம் கடன்பட்டவர்களே. எனவே தப்புவோன் தன் நண்பனைக் காட்டிக் கொடுத்தோ, நோயாளியின் சோற்றைத் திருடியோ தப்பினால் அது இழிவு. அவ்வாறன்றி வெளியேறியபின் பகைவன் பழிவாங்கினால், அந்தக் குருதிப்பழி துப்பாக்கி ஏந்தியவனைச் சாருமேயன்றி, விடுதலை நாடியவனைச் சாராது. எத்தோபோன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூர், எப்பினாலிலிருந்து வந்த இந்தியர்க்கு அடைக்கலம் தந்த ஊர். விடுதலைப் படைக்குத் துணைநின்ற ஊர். 1944 செப்டம்பர் 27-இல் அவ்வூர் ஆடவர் 39 பேரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர். அவர்களைக் கொன்றது உதவியா? இல்லை; கொடுங்கோன்மை. உதவி செய்தவன் வீரன், உதவி பெற்றவன் வீரன், இருவரையும் வேட்டையாடியவனே குற்றவாளி என்று அளப்பதுதான் அறத்தின் அளவுகோல். நிறம் பார்த்தும், பட்டயம் பார்த்தும், சாதி பார்த்தும் அளப்பது ஆதிக்கத்தின் அளவுகோல்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வரிசை வரிசையாகப் பெயர்கள். வெட்டிச் சீர்செய்த புல்வெளி. அது தகும். அதே மண்ணில் பல்லாயிரம் தமிழர் பெயரின்றிப் புதைந்து கிடக்கின்றனர். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் வாளா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்த ஓலத்தை எழுத்தாக்கின. 2023-இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்க்கு நடுகல் ஒன்றும் எழுந்தது. போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்ட தமிழ் மரபு, கூலிக்கும் கல் நட்டது. நம் இலக்கணத்திலே கூலியும் வீரனே என்று அந்தக் கல் சொல்கிறது. ஆனால் கல்லிலே பொறிக்க வேண்டிய பெயர்கள் எங்கே?

அவை வேறெங்குமில்லை, நம் ஊர்களிலே இருக்கின்றன. நிரவியிலும் திருப்பட்டினத்திலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும், எல்லைக்கு அப்பாலுள்ள நாகை, திருவாரூர்ச் சிற்றூர்களிலும், ‘மலேயாவுக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய கடிதம் ஒன்று, கப்பல் சீட்டு ஒன்று, கிழவி ஒருத்தியின் நினைவு ஒன்று. இளைஞனே, நிக்கல்சனின் சீழ்க்கையைக் கேட்டுக் கைதட்ட உனக்கு உரிமை உண்டு. கைதட்டி முடித்தபின், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளின் திண்ணையிலே போய் அமர்ந்து, பெயரைக் கேள், ஊரைக் கேள், எந்த ஆண்டிலே போனார் என்று கேள், எழுதிக் கொள். பதிவேட்டிலே ‘ஓடிப்போனவன்’ என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, அங்கே ஒரு மனிதனின் பெயரை எழுதும் வேலை நம்முடையது. அதைச் செய்யக்கூடிய முதியோர் நினைவுகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன.